மலிவான டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு வாங்கும் முன் அதன் புகைச் சான்று ஸ்டிக்கரைப் படிப்பது எப்படி

டாலஸ் பக்கம் ஏரிகளில் மீன் பிடிக்கப் போகும் நம் ஆட்களில் யாராவது பன்னிரண்டடி அலுமினியப் படகு ஒன்று வாங்கிவிட்டால், அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிடும். பளபளவென்று, படகின் பின்னால் மாட்டும் ஒரு குட்டி அவுட்போர்டு மோட்டார், 3.5 எச்.பி., டூ-ஸ்ட்ரோக், சில நூறு டாலர்தான், ஷிப்பிங் இலவசம். "வாங்கலாமா அண்ணா?" ஹோண்டா, சுசுகி, டோஹட்சு மாதிரி பெயர்களில் இதே அளவு ஃபோர்-ஸ்ட்ரோக் புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும் என்பதால் ஆசை வருவது நியாயம்தான். நானும் அப்படித்தான் தேட ஆரம்பித்தேன். தேடியதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன், இனி யார் கேட்டாலும் இந்த இணைப்பை அனுப்பிவிடலாம். படகு, டிரெய்லர், லைஃப் ஜாக்கெட் பற்றி இங்கே எதுவும் இல்லை.

முதலில் சட்டம், சுருக்கமாக

அமெரிக்காவில் டூ-ஸ்ட்ரோக்கே தடை என்று பலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையான இ.பி.ஏ. கட்டுப்படுத்துவது புகையைத்தான். 1996-இல் விதி வந்தது, 1998 மாடலிலிருந்து 2006 வரை படிப்படியாக இறுக்கினார்கள், 2010 மாடலிலிருந்து இன்னும் கடுமையாக்கினார்கள். 4.3 கிலோவாட் வரையான சின்ன அவுட்போர்டுகளுக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து ஒரு கிலோவாட்-மணிக்கு 30 கிராம் என்பது வரம்பு. கார்புரேட்டர் வைத்த பழைய பாணி டூ-ஸ்ட்ரோக் இதற்குள் வருவது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அதில் புது பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் நுழையும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வழியும் திறந்தே இருக்கும், உள்ளே வருவதில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே, எண்ணெயோடு சேர்ந்து, நேராக ஏரித் தண்ணீருக்குள் போய்விடும். எவின்ரூடின் இ-டெக் மாதிரி நேரடி இன்ஜெக்‌ஷன் டூ-ஸ்ட்ரோக்குகள் இந்த விதிகளுக்கு உட்பட்டே விற்றன, ஆனால் அவை பெரிய மோட்டார்கள், 2020-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதனால் புத்தம் புதிய, சின்ன, கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக் ஒன்றை "இ.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது விற்றால் உடனே நம்பிவிடாதீர்கள். சரிபார்க்க வழி இருக்கிறது.

ஸ்டிக்கரின் படம் கேளுங்கள்

பணம் கட்டும் முன் விற்பவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: எமிஷன் லேபிளை (மோட்டாரில் ஒட்டியிருக்கும் புகைச் சான்று ஸ்டிக்கரை) கிட்டத்தில், எழுத்து படிக்கிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத்தில் ஒட்டியிருக்கும் இ.பி.ஏ. படம், பச்சை இலை, சி.இ. முத்திரை எதுவும் கணக்கில் வராது. படம் வரவில்லை என்றாலோ, "எல்லா மாடலும் சர்ட்டிஃபைடு சார்" என்று மட்டும் பதில் வந்தாலோ, அந்த மோட்டாரை விட்டுவிடுங்கள். நான் இதற்கு மேல் பேச்சு வளர்க்க மாட்டேன்.

பன்னிரண்டு எழுத்தைப் படிப்பது

எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டிக்கரில் 'இன்ஜின் ஃபேமிலி' என்று ஒரு குறியீடு இருக்கும், மொத்தம் பன்னிரண்டு இடம். இடையில் வரும் புள்ளிக்கும் ஓர் இடம் உண்டு, எண்ணும்போது அதை விட்டுவிட்டால் எல்லாம் தப்பாகும். முதல் எழுத்து மாடல் ஆண்டு: ஆங்கில எழுத்து பி என்றால் 2023, ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025 (க்யூ கிடையாது, அதைத் தேட வேண்டாம்). இரண்டு, மூன்று, நான்காம் இடங்கள் தயாரிப்பாளருக்கு இ.பி.ஏ. கொடுத்த குறியீடு. ஆறிலிருந்து ஒன்பது வரை இன்ஜினின் கொள்ளளவு, லிட்டரில், 57 சி.சி. இன்ஜின் என்றால் புள்ளி வைத்து 057 என்று இருக்கும். கடைசி மூன்றும் தயாரிப்பாளர் தானே வைத்துக்கொள்வது, நமக்கு வேண்டாம்.

முக்கியமானது ஐந்தாவது எழுத்து. அது எந்த வகை இன்ஜினுக்கான சான்று என்று சொல்கிறது. அவுட்போர்டு மோட்டாருக்கு அது எம், அதாவது மரைன். மலிவு மோட்டார்கள் பலவற்றின் தலைப்பகுதி புல்வெட்டும் பிரஷ் கட்டரில் வரும் அதே 52 சி.சி. காற்றால் குளிரும் இன்ஜின்தான், அதற்குக் கீழே ஒரு காலும் புரொப்பெல்லரும் மாட்டியிருப்பார்கள். அந்த இன்ஜினுக்குத் தோட்டக் கருவி என்ற வகையில் உண்மையாகவே சான்று இருக்கலாம், அப்படியானால் ஐந்தாம் இடத்தில் எஸ் இருக்கும். விற்பவர் அந்தச் சான்றைக் காட்டி "இ.பி.ஏ. இருக்கு" என்பார். அது படகை ஓட்டும் இன்ஜினாகச் சோதித்து வாங்கிய சான்று இல்லை. முதல் இடத்து எஸ்ஸையும் ஐந்தாம் இடத்து எஸ்ஸையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் இடத்தில் வந்தால் வெறும் ஆண்டு.

இன்னொரு அடையாளம்: முறையான லேபிளில் "திஸ் மரைன் இன்ஜின் கம்ப்ளைஸ் வித் யு.எஸ். இ.பி.ஏ. எக்ஸாஸ்ட் ரெகுலேஷன்ஸ்" என்ற வாக்கியமும் மாடல் ஆண்டும் இருக்க வேண்டும். மரைன் என்ற சொல் இல்லாத லேபிளை நான் ஏற்பதில்லை.

பட்டியலில் தேடுங்கள்

சான்று கொடுத்த இன்ஜின்களின் பட்டியலை இ.பி.ஏ. ஆண்டுவாரியாக எக்செல் கோப்பாகத் தன் தளத்தில் போட்டிருக்கிறது. அதில் மரைன் ஸ்பார்க்-இக்னிஷன் என்ற கோப்பை இறக்கி, பன்னிரண்டு எழுத்தையும் அப்படியே போட்டுத் தேடுங்கள். போனில் முயற்சி செய்யாதீர்கள், அகலமான தாள், வரிசை மாறிவிடும். லேப்டாப்பில் திறந்து மேல் வரியை உறைய வைத்துவிட்டுப் பார்ப்பதுதான் வசதி. குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது, தயாரிப்பாளர் பெயர், மாடல், சி.சி. மூன்றும் விளம்பரத்தோடு ஒத்துப்போக வேண்டும். வேறு ஒரு கம்பெனியின் குறியீட்டை அச்சடித்து ஒட்டியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டத்தின் கண்ணில் இறக்குமதி செய்தவர் நீங்கள். இன்ஜின் இறக்குமதிக்கு இ.பி.ஏ.-வின் 3520-21 என்ற படிவம் உண்டு, சான்றில்லாத மோட்டாரைச் சுங்கத்தில் நிறுத்திவைக்கலாம். உள்ளூர்க் கிடங்கிலிருந்து வந்தால் சுங்கத் தொல்லை இல்லை, ஆனால் உதிரிபாகம், வாரண்டி என்று கேட்கப்போனால் அந்தக் கடைப் பக்கமே காணாமல் போயிருக்கும்.

டூ-ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்றால்

பழையதை வாங்குங்கள், இதுதான் என் முடிவான கருத்து. ஏற்கெனவே நாட்டில் இருக்கும் பழைய ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி, டோஹட்சு டூ-ஸ்ட்ரோக்கை வாங்கவோ ஓட்டவோ இ.பி.ஏ. தடை போடவில்லை. எடை குறைவு, பாகங்கள் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். போகும்போது ஒரு கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கருவி) கொண்டுபோங்கள், ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் வகை வேண்டாம், ஸ்பார்க் பிளக் துளையில் திருகி மாட்டும் வகைதான் நம்பகம். வாங்க வேண்டியதில்லை, ஆட்டோசோன் மாதிரிக் கடைகளில் டெபாசிட் கட்டி இரவல் வாங்கலாம். கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் மோட்டாரின் காலை முக்கி ஓட்டச் சொல்லி, பின்னால் குளிர்விப்புத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்றும் பாருங்கள். கால் நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா என்பதைப் படகின் பின்பலகையை அளந்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை: கேள்விகள் வந்தபின் சேர்த்தது

எண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டி.சி.-டபிள்யூ3 என்று போட்ட எண்ணெய். காற்றால் குளிரும் மோட்டாரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை ஊற்றாதீர்கள், அது அதிகச் சூடாகும் இன்ஜின். செயின்சாவுக்கு ஊற்றும் ஜாசோ எஃப்.டி. தரம்தான் சரி. பங்கில் இ15 (15 சதவீதம் வரை எத்தனால் கலந்த) பெட்ரோலைத் தொடவே வேண்டாம், படகு இன்ஜினில் அதை ஊற்றுவது சட்டப்படியே தடை. இ10 வரை போகலாம்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு: அங்கே மாநிலக் காற்று வள வாரியத்தின் விதி தனி, நட்சத்திரம் போட்ட லேபிளையும் பாருங்கள். டாஹோ ஏரியில் கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக் 1999 ஜூனிலிருந்தே கூடாது, மேலே நான் சொன்ன "பழையதை வாங்குங்கள்" அங்கே செல்லாது. வேறு ஏரிகளிலும் இறங்கும் முன் அந்த ஏரியின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

3 எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ள மோட்டார் மாட்டிய, 26 அடிக்குக் குறைந்த படகில் வேகமெடுத்துப் போகும்போது, இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து இது சட்டம். பழைய மோட்டாரில் அந்த வசதியே இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் கயிறு தொலைந்திருக்கும், விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

டெக்சாஸ்காரர்களுக்கு மட்டும் ஒன்று: இங்கே படகுக்குத் தனி டைட்டில் (உரிமைப் பத்திரம்), அவுட்போர்டு மோட்டாருக்குத் தனி டைட்டில், இரண்டும் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையிடம். புது மோட்டாருக்கு உற்பத்தியாளர் தரும் எம்.எஸ்.ஓ. என்ற தாள் கேட்பார்கள், பெட்டியில் ஒரு தாளும் இல்லாமல் வந்த மோட்டாரை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் நிற்பது வீண் அலைச்சல். பழையதானால் விற்பவரின் பெயரிலேயே டைட்டில் இருக்கிறதா என்று பார்த்து, அதிலுள்ள சீரியல் எண்ணை மோட்டாரின் பிராக்கெட்டில் இருக்கும் தகட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகே பணத்தை எடுங்கள்.