பார்சல் செலவைக் குறைக்கப் பெட்டியின் அளவைக் கவனியுங்கள்

பனையோலைக் கூடை, துணிப் பொம்மை போன்ற எடை குறைந்த பொருள்களை வெளியூருக்கு அனுப்பும் சிறு தொழில்முனைவோர், கட்டணத்தை எடை மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். கூரியர் நிறுவனங்கள் பலவும் பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வரும் எண்ணை உண்மையான எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 800 கிராம் கூடையை 30×25×20 பெட்டியில் வைத்தால் 3 கிலோவுக்குப் பணம் கட்ட நேரும். அதே கூடை 25×20×15 பெட்டியில் அடங்குமானால் ஒன்றரைக் கிலோவோடு முடிந்துவிடும். ஆகவே, அட்டைப்பெட்டிகளை ஒரே அளவில் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் பின்கோடும் எடையும் கொடுத்துக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு கூரியரிடம் விலை கேளுங்கள். கூரியர் கிளை இல்லாத கிராமங்களுக்குப் பெரும்பாலும் அஞ்சலகமே கைகொடுக்கும்.