தியானம் செய்தும் வீட்டில் சண்டை ஓயவில்லையா?

காலையில் அரை மணி நேரம் தியானம் செய்து எழுந்தவர், காபி ஆறிவிட்டது என்று மனைவியிடம் சிடுசிடுப்பார். இதில் வியப்பு இல்லை. தனியாக மூச்சைக் கவனிப்பது ஒரு பயிற்சி, எதிரில் இருப்பவர் பேசும்போது காது கொடுப்பது வேறொரு பயிற்சி. முதலாவது கைவந்தால் இரண்டாவது தானாக வரும் என்று நம்புவதுதான் பெரிய தவறு.

ஜெர்மனியில் தானியா சிங்கர் தலைமையில் நடந்த ‘ரீசோர்ஸ்’ ஆய்வு இதைச் சோதித்தது. மூச்சையும் உடலையும் கவனிக்கும் தியானத்தை மட்டும் 3 மாதம் செய்தவர்கள், மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால், நடுவர்கள் முன் நிறுத்திப் பேசவைத்தபோது அவர்கள் உடலில் சுரந்த கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறையவில்லை. இருவர் இருவராக உரையாடும் பயிற்சியும் செய்தவர்களுக்கே அது குறைந்தது. முடிவுகள் 2017இல் வெளியாயின.

அந்த உரையாடல் மொத்தம் 10 நிமிடந்தான். அன்று சங்கடப்படுத்திய ஒன்றையும் நன்றி தோன்றிய ஒன்றையும், அப்போது உடல் எப்படி உணர்ந்தது என்பதையும் ஒருவர் 5 நிமிடம் சொல்வார். மற்றவர் பதில் பேசாமல் கேட்பார். பிறகு முறை மாறும்.

நம் வீடுகளில் இது முறிவது ‘பதில் பேசாமல்’ என்ற இடத்தில்தான். “நான் எப்போது அப்படிச் சொன்னேன்?” என்று இடைமறிப்பது ஒரு வகை. “இதற்குப் போய் வருத்தப்படலாமா, நாளைக்கு மேலாளரிடம் நேராகப் பேசிவிடு” என்று தீர்வு வழங்குவது இன்னொரு வகை. அக்கறைபோலத் தெரிவதால் இரண்டாவதை யாரும் தவறாகவே எண்ணுவதில்லை. ஆண்கள் இதில் கைதேர்ந்தவர்கள் என்பது என் எண்ணம். வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் மறுப்புரை தயாரிப்பதும் கேட்பதாகாது.

இதை வீட்டில் செய்து பார்ப்பதானால், முதல் நாளே மாமியார் விவகாரத்தையோ நகை அடகையோ எடுக்காதீர்கள். பஸ்ஸில் நடந்த சின்ன எரிச்சல் போதும். கோபம் உச்சத்தில் இருக்கும்போதும் உட்கார வேண்டாம். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் பேசுவது மண்டையில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகியிருங்கள் என்பது தம்பதியரை ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்லும் கணக்கு. அடிக்கிற கையுள்ள வீட்டில் இந்தப் பயிற்சியே வேண்டாம்; அங்கே முதலில் தேவை பாதுகாப்பு.

“நான் அமைதியாகத்தானே இருக்கிறேன், நீதான் கத்துகிறாய்” என்பார்கள் சிலர். தியானத்தை இப்படி ஆயுதமாக்குவதைவிடச் செய்யாமலே இருக்கலாம்.

தியானம் மூளையையே மாற்றிக் காக்கும் என்பார்கள்; அதையும் பார்ப்போம். 8 வாரத் தியானப் பயிற்சியில் மூளையின் சாம்பல் நிறப் பகுதி அடர்த்தியாகிறது என்று 2011இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. 2022இல் 200 பேருக்கு மேல் வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில் அப்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. எனவே தியானத்தை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்; கட்டுப்படாத இரத்த அழுத்தம் மறதி நோய்க்கு வழிவிடும். செவித்திறன் குறைவும் அப்படித்தான். மனைவி இரண்டு முறை சொன்ன பிறகே காதில் விழுகிறது என்றால், காது மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.