தாய்லாந்தில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

தாய்லாந்துக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. கும்பிடவும் கூச்சமில்லை. வினையே அங்குதான் தொடங்குகிறது. எல்லாம் நம்மூர் மாதிரியே தெரிவதால், மாறுபட்டிருப்பது கண்ணில் படுவதில்லை.

புத்தர் நாடு, சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமிருக்காது என்று நம்பிப் போகிறவர்கள் முதல் வேளையிலேயே திண்டாடுவார்கள். அங்கே பிட்சுகளே மீனும் கறியும் சாப்பிடுகிறார்கள். பாத்திரத்தில் விழுந்ததை உண்பதும், நண்பகலுக்குப் பிறகு உண்ணாமல் இருப்பதும்தான் அவர்கள் விதி. காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும். 'ஜே' என்று கேளுங்கள்; சுத்த சைவத்துக்கு அங்கே அதுதான் பெயர். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளில் கிடைக்கும். முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. நம் வீட்டு விரதச் சமையல் தோற்றுவிடும்!

பிட்சுகள் விஷயத்தில் பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாமியாரைக் கண்டதும் காலைத் தொட்டு ஆசி வாங்கும் பழக்கத்தில் குனிந்தால் அவர் பதறி விலகுவார். பெண்கள் பிட்சுவைத் தொடக்கூடாது, எதையும் கைக்குக் கை கொடுக்கவும் கூடாது. விடியற்காலையில் உணவிடும்போது பாத்திரத்துக்குள் வைத்துவிடலாம். மற்ற நேரத்தில் அவர் விரிக்கும் துணியின் மேல் வைக்கலாம். கும்பிட்டதற்குப் பிட்சு திருப்பிக் கும்பிடமாட்டார். அது அலட்சியமல்ல, வழக்கமே அதுதான்.

குழந்தையைக் கொஞ்சும் சாக்கில் தலையைத் தடவாதீர்கள். புத்தர் சன்னதியில் காலை நீட்டாமல், பக்கவாட்டில் பின்னோக்கி மடக்கி உட்காருங்கள். பழைய தலைநகரான அயுத்தயாவின் வாட் மகாதாத் கோயிலில் மரவேர்களுக்கு நடுவே ஒரு புத்தர் தலை இருக்கிறது. படம் எடுப்பவர் அதைவிட உயரமாக நிற்கக்கூடாது, குந்திக்கொள்ள வேண்டும். தலையில்லாத சிலைக்குப் பின்னால் நின்று தன் தலையைப் பொருத்திக்காட்டும் வேடிக்கையெல்லாம் அங்கே எடுபடாது. கடையில் வாங்கிய புத்தர் சிலையை நாட்டைவிட்டுக் கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

அரசரைப் பற்றி நையாண்டி அறவே வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுவரை சிறை. காற்றில் பறக்கும் ரூபாய் நோட்டைக் காலால் மிதித்து நிறுத்துவோமே, அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; பாட் நோட்டில் இருப்பது அரசரின் படம். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பூங்காவிலோ ரயில் நிலையத்திலோ தேசிய கீதம் ஒலித்தால் நின்றுவிடுங்கள்.

கொஞ்சம் படித்தவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: "இதெல்லாம் உண்மையான பௌத்தமா?" என்று தீர்ப்பு எழுதுவது. கட்டடத்துக்குக் கட்டடம் காவல் தெய்வத்துக்குக் குட்டி வீடு கட்டி, சிவப்பு ஃபான்டாவில் ஸ்ட்ரா போட்டுப் படைக்கிறார்கள். பாங்காக்கின் எராவன் ஓட்டல் கட்டுமானத்தில் அடுத்தடுத்து இடையூறு வந்ததால் 1956-இல் எழுப்பிய பிரம்மா சன்னதியில், வேண்டுதல் பலித்தவர்கள் காசு கொடுத்து நடனம் ஆடவைக்கிறார்கள். அதே நகரின் சிலோம் பகுதியில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலிலும் தாய்லாந்துக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இதில் முரண்பாடே தெரிவதில்லை. முருகனைக் கும்பிட்டுவிட்டு வேளாங்கண்ணிக்கும் போகிற நமக்கு ஏன் தெரிய வேண்டும்?

கடைசியாக, பால் பாக்கெட்டில் 2570 என்று போட்டிருந்தால் இன்னும் அரை ஆயிரம் ஆண்டு கெடாது என்று எண்ணவேண்டாம். அது புத்த ஆண்டு. 543-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.