எவரில் எத்தனை சதவீதம்? ஜனாதிபதித் தேர்தல் கருத்துக்கணிப்பை வாசிக்கும் முறை

2024 செப்டெம்பர் 21 அன்று நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீத வாக்குகளைப் பெற்றார் என்று ஒருவர் சொல்கிறார். 55.89 சதவீதம் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவரோ 33 சதவீதத்துக்கும் குறைவு என்கிறார். மூவர் சொல்வதும் சரியே. முதலாவது எண், செல்லுபடியான 13,319,616 வாக்குகளில் அவர் பெற்ற 5,634,915 வாக்குகளைக் குறிக்கிறது. இரண்டாவது, ஏனைய வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்கள் சீட்டில் 2, 3 என்று குறித்த விருப்பு வாக்குகளையும் எண்ணிய பின்னர், அவருக்கும் இரண்டாமிடம் பெற்ற சஜித் பிரேமதாசவுக்கும் சேர்ந்த மொத்தத்தில் அவருடைய பங்கு. மூன்றாவது, பதிவு செய்யப்பட்ட 17,140,354 வாக்காளர்களுள் அவருக்குப் புள்ளடியிட்டவர்களின் பங்கு.

எண்ணி முடித்த வாக்குகளுக்கே இவ்வாறென்றால், இன்னும் அளிக்கப்படாத வாக்குகளைப் பற்றிய கருத்துக்கணிப்பில் "எவரில்?" என்ற கேள்வி எவ்வளவு அவசியம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பதவியிலிருக்கும் ஜனாதிபதி ஒருவர் மீண்டும் போட்டியிடும் காலத்தில் வெளிவரும் கணிப்புகளை இதுவரை வாசித்துப் பழகாத ஒருவர் எவ்வாறு வாசிக்கத் தொடங்கலாம் என்பதை இங்கே படிப்படியாகத் தருகிறேன். ஒரு தாளும் கையடக்கத் தொலைபேசியிலுள்ள கணிப்பானும் போதும்.

முதலாவது படி: கேட்கப்பட்டவர்கள் யார்?

கணிப்பைப் பற்றிய செய்தியில் முதலில் தேட வேண்டியது, எத்தனை பேரிடம், எந்தத் திகதிகளில், எந்த வழியில் கேட்டார்கள் என்பதையே. இந்த மூன்றும் இல்லாத கணிப்பை நான் மேற்கொண்டு வாசிப்பதில்லை. தொகை பெரிதாக இருப்பது மட்டும் நம்பிக்கைக்குப் போதாது. 1936இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் இரண்டாவது தடவை போட்டியிட்டபோது, 'லிட்டரறி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை தொலைபேசி விபரக்கொத்துகளிலும் மோட்டார் வாகனப் பதிவுகளிலும் பெயர்களைத் திரட்டி, சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிலளித்தனர். அவர்களை வைத்து, எதிர் வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று சஞ்சிகை அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பொருளாதார நெருக்கடியின் நடுவே தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் நாட்டின் ஒரு பகுதியினர் மட்டுமே. அவர்களுள்ளும் பதில் எழுதி அனுப்பும் அளவுக்கு உந்துதல் கொண்டவர்களே பதிலளித்தார்கள்.

முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும் "உங்கள் தெரிவு யார்?" என்ற வாக்கெடுப்புகளுக்கும் இதே குறை உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு குழுவில் ஐந்நூறு பேர் பதிலளித்தாலும், அது அக்குழுவின் மனநிலையைத்தான் சொல்லும். மொனராகலையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது படி: என்ன கேட்டார்கள்?

அரசாங்கத்தின் செயற்பாட்டில் திருப்தியா என்று கேட்பதும், நாளை தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்பதும் ஒன்றல்ல. வெரிட்டே ரிசேர்ச் நிறுவனத்தின் 'மூட் ஒப் த நேஷன்' முதல் வகைக்கு உதாரணம். சுகாதாரக் கொள்கைக்கான நிறுவகம் 2024இல் வெளியிட்ட வாக்களிப்பு மதிப்பீடுகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மீள்தெரிவுப் போட்டியில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. 2022இன் எரிபொருள் வரிசைகள் மறைந்ததை ரணில் விக்கிரமசிங்கவின் சாதனையாக ஏற்றுக்கொண்டவர்களைக் கொழும்பில் நான் ஏராளமாகச் சந்தித்திருக்கிறேன். அவர்களுள் பலர் அடுத்த வசனத்திலேயே வேறொருவரின் பெயரைச் சொன்னார்கள். பதவியிலிருந்தபடியே 2024இல் போட்டியிட்ட ரணிலுக்குக் கிடைத்தது 17.27 சதவீதம்.

மூன்றாவது படி: தீர்மானிக்காதவர்களை எங்கே வைத்தார்கள்?

ஒரு கற்பனைக் கணிப்பை எடுத்துக்கொள்வோம். 1,000 பேரில் 40 சதவீதத்தினர் தற்போதைய ஜனாதிபதியையும், 38 சதவீதத்தினர் எதிர் வேட்பாளரையும், 7 சதவீதத்தினர் ஏனையோரையும் சொல்கிறார்கள். 15 சதவீதத்தினர் இன்னும் தீர்மானிக்கவில்லை. அந்த 15ஐ நீக்கிவிட்டு மிகுதி 85ஐ முழுமையாகக் கொண்டால், 40 என்பது 47 ஆகவும் 38 என்பது 45 ஆகவும் உயரும். ஒரு பத்திரிகை 40 என்றும் மற்றொன்று 47 என்றும் தலைப்பிடலாம்; கணிப்பு ஒன்றேதான். ஆகவே சதவீதங்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள். தீர்மானிக்காதவர்கள் என்ற வரியே இல்லாமல் மொத்தம் 100 வந்தால், அவர்கள் நீக்கப்பட்டிருக்கிறார்கள் அல்லது ஏதோ ஒரு முறையில் பகிரப்பட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

பதவியிலிருப்பவரை மக்கள் பல ஆண்டுகளாக அறிவார்கள். அவ்வாறிருந்தும் தீர்மானிக்காதவர்கள் இறுதியில் எதிரணிப் பக்கம் சாய்வார்கள் என்றொரு கருத்து உண்டு. அதை ஒரு விதியாகக் கொள்ள நான் தயங்குகிறேன், ஏனெனில் 1948இல் கணிப்புகள் தோற்பார் என்று காட்டிய அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், கணிப்பாளர்கள் கேட்பதை நிறுத்திவிட்ட கடைசி நாட்களில் மனம் மாறியவர்களின் வாக்குகளையும் பெற்றே பதவியைத் தக்கவைத்தார். எனவே 15 சதவீதத்தை இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பகிர்ந்து, எந்தப் பகிர்வில் முடிவு தலைகீழாகிறது என்று பார்ப்பதே பயனுள்ள பயிற்சி.

நமது நாட்டில் "தெரியாது" என்ற பதிலுக்குள் அச்சமும் அடங்கியிருக்கலாம். என் அம்மாவுக்கு ஒருமுறை அவ்வாறான அழைப்பு வந்தது. யாருக்கு வாக்களிப்பது என்று அவர் ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தார். ஆயினும், "இன்னும் யோசிக்கேல்லை, தம்பி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். முன்பின் தெரியாத குரலிடம் அரசியல் பேசக்கூடாது என்பதைப் பல பத்தாண்டுகளில் கற்றுக்கொண்டவர் அவர். அழைத்தவர் எந்த மொழியில் பேசினார் என்பதும் பதிலை மாற்றும். ஆகையால் நேர்காணல் தமிழிலும் நடத்தப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள்.

நான்காவது படி: வழுவைக் கணக்கிடுங்கள்

மாதிரியில் உள்ளவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, 100ஐ அதனால் வகுத்தால், வழு எல்லை, அதாவது உண்மை நிலை கணிப்பின் எண்ணிலிருந்து இரு பக்கமும் எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற அளவு, ஏறத்தாழக் கிடைக்கும். 1,000 பேருக்கு அது 3 புள்ளிகளுக்குச் சற்று அதிகம். மேற்சொன்ன 40 சதவீதம் என்பது 37 ஆகவும் 43 ஆகவும் இருக்கலாம். இருவருக்கிடையிலான வித்தியாசத்துக்கு வழு இன்னும் பெரிது: அதே உதாரணத்தில் சுமார் 5.5 புள்ளிகள். ஆகவே "ஜனாதிபதி 2 புள்ளிகளால் முன்னிலை" என்ற தலைப்பை, அவர் மூன்றரைப் புள்ளிகள் பின்தங்கியும் இருக்கலாம், ஏழரைப் புள்ளிகள் முந்தியும் இருக்கலாம் என்று வாசிக்க வேண்டும்.

தமிழ் வாசகர்களாகிய நாம் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வட மாகாணத்தின் சனத்தொகை நாட்டின் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம். விகிதாசாரப்படி எடுத்த 1,000 பேர் மாதிரியில் வடக்கைச் சேர்ந்தோர் ஐம்பது பேரளவில் மட்டுமே இருப்பார்கள். ஐம்பதின் வழு எல்லை 14 புள்ளிகள். "வடக்கில் இன்னாருக்கு 45 சதவீத ஆதரவு" என்று எழுதினால், உண்மை 31க்கும் 59க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். வடக்குக்கென்று தனியாகப் பெரிய மாதிரி எடுத்திருந்தாலொழிய, அவ்வாறான தலைப்பை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஐந்தாவது படி: வாக்குச்சாவடிக்குப் போவது யார்?

2005இல் மஹிந்த ராஜபக்ஷ 50.29 சதவீதத்துடன் வென்றார். ரணில் விக்கிரமசிங்கவுடனான வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்தில் அன்று வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம் மட்டுமே, ஏனெனில் விடுதலைப் புலிகள் புறக்கணிப்பை நடைமுறைப்படுத்தியிருந்தார்கள். மக்களின் விருப்பத்தை எவ்வளவு துல்லியமாக அளந்த கணிப்பும் அந்த முடிவைச் சொல்லியிருக்க முடியாது. வயதுவந்தோர் அனைவரையும் கேட்டார்களா, வாக்களிக்கக்கூடியவர்களை மட்டும் கேட்டார்களா என்று பாருங்கள்.

ஆறாவது படி: 50 சதவீதத்தோடு ஒப்பிடுங்கள்

செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறாமல் இங்கு எவரும் முதல் எண்ணிக்கையில் வெல்ல முடியாது. ஆதலால் முன்னிலையை மட்டும் பார்க்காமல், பதவியிலிருப்பவர் 50ஐ எட்டுகிறாரா என்றும் பாருங்கள். 2015இல் மஹிந்த ராஜபக்ஷ 47.58 சதவீதம் பெற்றும் தோற்றார்; எதிரணி மைத்திரிபால சிறிசேன என்ற ஒரே பெயரில் திரண்டிருந்தது.

எதிரணி பிரிந்திருந்தால் விருப்பு வாக்குகள் தீர்மானிக்கும் என்பார்கள். 2024இல்தான் முதன்முறையாக அவை எண்ணப்பட்டன. ஏனைய வேட்பாளர்களுக்கு 33 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்திருந்தார்கள். ஆயினும் முதலிருவருக்கும் வந்து சேர்ந்த விருப்பு வாக்குகள் மொத்தம் 273,131 மட்டுமே, அதாவது நூற்றுக்கு எட்டளவு. இரண்டாவது விருப்பைக் கேட்டறியும் கணிப்பொன்றைப் பார்த்தால், அங்கே பெயர் சொல்பவர்களுள் எத்தனை பேர் சீட்டில் உண்மையில் 2 என்று எழுதுவார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: திகதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்

ஒரே நிறுவனம், ஒரே கேள்வி, அடுத்தடுத்த மாதங்கள் என்றவாறு கணிப்புகளைத் தாளில் வரிசையாக எழுதுங்கள். வேறு நிறுவனத்தின் எண்ணுக்கு வேறு வரிசை வையுங்கள். கள ஆய்வு நடந்த திகதியையே குறியுங்கள், செய்தி வெளியான திகதியை அல்ல. யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் பெற்றவை 27,086 வாக்குகள். நவம்பர் 14 அன்று நடந்த பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80,830 வாக்குகளைப் பெற்றது. இரண்டுக்கும் இடையில் கழிந்தவை எட்டு வாரங்களுக்கும் குறைவு.