நீர்க்கடுப்பு வந்தால் முதலில் சாம்பிள், அப்புறம்தான் மாத்திரை

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துவந்து, வெயில் உச்சிக்கு ஏறும்வரை கூடை முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள், வியாபார நேரத்தில் பலர் தண்ணீரே குடிப்பதில்லை, குடித்தால் போக வேண்டி வரும், போக எங்கே இடம்? சாயங்காலம் எரிச்சல் ஆரம்பித்ததும் "சூடு புடிச்சிகிச்சு" என்று இளநீர், மோர், ஊறவைத்த சப்ஜா. தாராளமாகக் குடியுங்கள். தண்ணீர் குறைந்ததால் வந்த எரிச்சல் என்றால் அதிலேயே அடங்கிவிடும்.

அடங்காமல் அடிக்கடி முட்டிக்கொண்டு வருவது, போனால் நாலு சொட்டு, அடிவயிற்றில் வலி, நீர் கலங்கலாக நாற்றத்தோடு வருவது, இதெல்லாம் சேர்ந்தால் அது சூடு இல்லை, கிருமி. பெரும்பாலும் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆசனவாய்க்குப் பக்கத்திலும் இருக்கிறது, அதனால் கிருமி சுலபமாகச் சிறுநீர்ப் பைக்குள் ஏறிவிடுகிறது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் வரும், மாதவிலக்கு நின்ற பாட்டிக்கும் வரும், இதில் யாரும் வெட்கப்பட எதுவும் இல்லை.

என் அத்தை மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டார், எரிச்சல் நின்றது, விட்டுவிட்டார். பத்து நாளில் திரும்ப வந்தது, திரும்ப இரண்டு. மூன்றாவது முறை குளிர்காய்ச்சலோடு கிட்னிவரை போய் அட்மிட் ஆனார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே யூரின் கொடுங்கள். முதலில் அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவுங்கள், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும் அங்கே தரும் சுத்தமான டப்பாவில் பிடியுங்கள், டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது, உடனே லேபில் கொடுத்துவிடுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று அதில்தான் தெரியும். அதற்குள் டாக்டர் மாத்திரை தொடங்கச் சொன்னால் தொடங்கலாம். எரிச்சல் நின்றாலும் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை போட வேண்டும், மிச்சத்தை எடுத்துவைத்து பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

குளிர்காய்ச்சல், முதுகில் விலாவுக்குக் கீழே வலி, வாந்தி, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும் காட்டியே ஆக வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் லேசான எரிச்சலையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடிக்கடி வந்தால் சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது.

திரும்ப வராமல் இருக்க, கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள், உள்ளே சோப்பு, வாசனை வாஷ் எதுவும் வேண்டாம், உறவுக்குப் பிறகு ஒருமுறை சிறுநீர் கழித்துவிடுங்கள். அடக்கி வைப்பதுதான் நம் பக்கத்துப் பெரிய பிரச்சினை. பக்கத்துக் கூடைக்கார அக்காவிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்கள் போய்வரும்வரை உங்கள் மீனை அவர் பார்க்கட்டும், அவர் போகும்போது நீங்கள் பாருங்கள்.