பொது ஜெபப் புத்தகத்த எப்படி வாசிக்கிறது: ஒரே ஒரு வரிய பிடிச்சு 1549ல இருந்து துரத்துற வழி

ஆங்கிலிக்கன் ஆராதனை, அதாவது இங்கிலாந்து சபையோட ஆராதனை, எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படுறவங்க நிறைய பேர் முதல்ல ஒரு பெரிய சபை வரலாறு புத்தகத்த எடுத்துடுறாங்க. எட்டாம் ஹென்றி, அவரோட கல்யாணங்க, போப்போட நடந்த தகராறுன்னு பாதி புத்தகம் ஓடிரும், அந்த சபை ஆராதனைல வாசிக்கிற பொது ஜெபப் புத்தகத்துக்கு ரெண்டு பக்கம் கிடைச்சா பெருசு. அப்படி படிச்சா ராஜாக்கள் பேரு மனசுல நிக்கும், ஆராதனை நிக்காது. நேரா ஜெபப் புத்தகத்துலயே கை வைங்கன்னுதான் நான் சொல்வேன், அதுவும் முதல் பக்கத்துல இருந்து வரிசையா இல்ல, ஏதாவது ஒரு வரிய பிடிச்சுக்கிட்டு அது பதிப்புக்கு பதிப்பு என்ன ஆச்சுன்னு பாத்துக்கிட்டே போகணும். ஏன்னா அதுல இருக்குற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு, சில வரிகளுக்காக ஆளுங்க உயிரையே விட்டிருக்காங்க.

முதல்ல கைல வேண்டியது நாலு பதிப்பு: 1549, 1552, 1559, 1662. நாலும் இணையத்துல முழுசா இலவசமா கிடைக்குது. 1549 எழுத்துக்கூட்டல் பழசா இருக்கும், பாத்து மிரள வேண்டாம், சத்தமா வாசிச்சா பாதிக்கு மேல தானா புரிஞ்சிரும், எழுதினதே கோயில்ல சத்தமா வாசிக்கத்தானே. 1604ல ஜேம்ஸ் ராஜா காலத்துலயும் ஒரு திருத்தம் உண்டு, ஞானோபதேச வினாவிடைல சாக்கிரமெந்து, அதாவது ஞானஸ்நானம் திருவிருந்து மாதிரி சடங்குகள், பத்தின கேள்விகள் அப்பதான் சேந்துச்சு, ஆனா ஆரம்பத்துல அத விட்டுடலாம்.

இப்ப முதல் பயிற்சி. திருவிருந்துல அப்பத்த கைல குடுக்கும்போது குருவானவர் என்ன சொல்லணும்னு நாலு பதிப்புலயும் தேடி ஒரு தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. 1549ல "உனக்காகக் கொடுக்கப்பட்ட நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் சரீரம் உன் சரீரத்தையும் ஆத்துமாவையும் நித்திய ஜீவனுக்குக் காக்கக்கடவது"ங்குற பொருள்ல இருக்கும். அதாவது கைல இருக்குறது சரீரம்னு சொல்லிதான் குடுக்குறாங்க. 1552க்கு வாங்க, அந்த வாக்கியம் மொத்தமா காணோம், அதுக்கு பதிலா "கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைவுகூர்ந்து இதை எடுத்துப் புசி, விசுவாசத்தினால் உன் இருதயத்தில் ஸ்தோத்திரத்தோடே அவரைப் புசி"ங்குற மாதிரி இருக்கும். மூணே வருஷத்துல "சரீரம்" போயி "இது" ஆயிருச்சு. 1559ல எலிசபெத் ராணி காலத்துல என்ன பண்ணாங்கன்னா ரெண்டு வாக்கியத்தையும் ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா சேத்துட்டாங்க, 1662லயும் அப்படியே இருக்கு. கிறிஸ்துவோட சரீரம் உண்மையிலயே இருக்குன்னு நம்புறவரும் முழங்கால் போடலாம், நினைவுகூருதல்தான்னு நம்புறவரும் பக்கத்துலயே முழங்கால் போடலாம், ரெண்டு பேர் காதுலயும் அவங்கவங்களுக்கு வேண்டிய வாக்கியம் விழும். ஆங்கிலிக்கன் சபையோட மொத்த குணமும் இந்த ஒரு இடத்துல இருக்குன்னு நான் நினைக்கிறேன், இத ஒரு தடவ கண்ணால பாத்துட்டீங்கன்னா மத்த வாசிப்பு எல்லாம் லேசாயிரும்.

ஏன் மாறுச்சுன்னு கேட்டீங்கன்னா, இப்பதான் ஆளுங்களையும் அரசியலையும் உள்ள கொண்டு வரணும், முன்னாடி இல்ல. 1549 புத்தகத்துக்கு முக்கிய காரணகர்த்தா காண்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர். அது ரெண்டு பக்கமும் அடி வாங்குச்சு. பழைய முறைய விரும்பின பிஷப் ஸ்டீபன் கார்டினர் இந்த புத்தகத்துக்கு கத்தோலிக்க அர்த்தம் எடுத்துக்க இடம் இருக்குன்னு காட்டினாரு, புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரங்களுக்கு அதுவே போதும், இன்னும் கண்டிப்பா எழுதணும்னு பிடிச்சுக்கிட்டாங்க. ஜெர்மனி பக்கத்துல இருந்து வந்து கேம்பிரிட்ஜ்ல இருந்த மார்ட்டின் பூசர் பக்கம் பக்கமா குறை எழுதி குடுத்தாரு. அதோட விளைவுதான் 1552. ஆனா 1553 ஜூலைல ஆறாம் எட்வர்ட் ராஜா இறந்துபோக, மேரி ராணி லத்தீன் பூசைய திரும்ப கொண்டு வந்துட்டாங்க, கிரான்மர 1556 மார்ச் 21ல ஆக்ஸ்போர்டுல எரிச்சாங்க. எலிசபெத் வந்த பிறகு ஜெபப் புத்தகத்த திரும்ப கொண்டு வந்த 1559 சட்டம் பிரபுக்கள் சபைல 21க்கு 18ன்னு மூணே ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுது. அந்த ரெண்டு வாக்கியத்த ஒட்ட வச்சது எவ்வளவு நெருக்கடியான நேரத்துலன்னு இத வச்சு பாத்துக்கோங்க.

அடுத்து குறிப்புகள வாசிங்க, ரூப்ரிக்னு சொல்வாங்களே, குருவானவர் எங்க நிக்கணும் என்ன செய்யணும்னு சின்ன எழுத்துல இருக்குமே, அதுதான். பாதி பேர் ஜெபத்த மட்டும் வாசிச்சுட்டு இத தாண்டிப் போயிடுறாங்க, உண்மையான சண்டை அங்கதான் நடந்திருக்கு. உதாரணத்துக்கு அப்பம். 1549ல புளிப்பில்லாத வட்டமான அப்பம், மேல எந்த அச்சும் இருக்கக்கூடாதுன்னு போட்டிருக்கும். 1552ல வீட்டு மேஜைல சாப்பிடுற மாதிரி சாதாரண ரொட்டியே போதும், நல்ல சுத்தமான கோதுமையா இருந்தா சரின்னு மாறிடும். மிச்சம் ஆனத என்ன பண்றது? 1552 மீந்துபோன அப்பமும் திராட்சரசமும் குருவானவர் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கலாம்னு சொல்லுது. 1662 அத ரெண்டா பிரிக்குது, ஜெபம் பண்ணி பிரதிஷ்டை பண்ணாதது அவருக்கு, பிரதிஷ்டை பண்ணினத கோயிலுக்கு வெளிய கொண்டு போகக்கூடாது, அங்கேயே பயபக்தியோட சாப்பிட்டு முடிச்சிரணும். அந்த அப்பம் என்னன்னு 1662 சபை நினைச்சுதுங்குறத ஒரு பிரசங்கம் சொல்றத விட இந்த மிச்சம் பத்தின குறிப்பு தெளிவா சொல்லிருது.

முழங்கால் விவகாரத்தையும் இதே மாதிரி பாருங்க. 1552 புத்தகம் நவம்பர் 1ல இருந்து நடைமுறைக்கு வரணும், அச்சகத்துல வேலை ஓடிக்கிட்டு இருக்கு, அந்த நேரத்துல ஸ்காட்லாந்து சீர்திருத்த பிரசங்கி ஜான் நாக்ஸ் மாதிரி ஆளுங்க முழங்கால் போட்டு வாங்குறது அப்பத்த வணங்குற மாதிரி ஆயிரும்னு எதிர்ப்பு கிளப்பினாங்க. கிரான்மர் முழங்கால எடுக்க மாட்டேன்னு உறுதியா நின்னாரு. கடைசில அரச ஆலோசனை சபை அக்டோபர் 27ல ஒரு விளக்கம் சேக்க சொல்லி உத்தரவு போட்டுச்சு, முழங்கால் போடுறது தாழ்மைக்கும் நன்றிக்கும்தான், ஆராதிக்க இல்லன்னு. அதுக்குள்ள பல பிரதி அச்சாகிப் போச்சு, அதனால சில பிரதில அந்த குறிப்பே இல்ல, சிலதுல தனித்தாளா சொருகியிருக்கும். பின்னாடி அதுக்கு கருப்பு ரூப்ரிக்னு பேரு வந்துச்சு. 1559ல எடுத்துட்டாங்க, 1662ல வார்த்தைய கொஞ்சம் மாத்தி திரும்ப வச்சாங்க. பழைய பிரதியோட ஸ்கேன் கிடைச்சா அந்த பக்கத்த கண்டிப்பா தேடிப் பாருங்க.

இதுவரைக்கும் முன்னோக்கி வந்தோம், இனி பின்னோக்கி போகணும், 1549க்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு. கிரான்மர் வெறும் தாள்ல எழுத ஆரம்பிக்கல. இங்கிலாந்துல சால்ஸ்பரி, ஹியர்ஃபோர்டு, யார்க், பேங்கர், லிங்கன்னு இடத்துக்கு ஒரு லத்தீன் முறை இருந்துச்சு, இனி நாடு முழுக்க ஒரே முறைதான்னு முன்னுரையிலயே எழுதியிருக்கும், அந்த முன்னுரைய விட்டுடாதீங்க. இதுல சால்ஸ்பரி முறை, சாரம்னு சொல்றது, அதுதான் அதிகமா பரவியிருந்துச்சு. அதோட ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்குது. மாலை ஆராதனைய எடுத்துக்கோங்க, அதுல மரியாளோட பாட்டும் சிமியோனோட பாட்டும் ஒரே ஆராதனைல ஏன் வருது? பழைய முறைல மரியாள் பாட்டு சாயங்கால ஜெபத்துக்கு, சிமியோன் பாட்டு ராத்திரி படுக்க போறதுக்கு முன்னாடி ஜெபத்துக்கு. துறவிகள் ஒரு நாளைக்கு பல வேளை சொன்ன ஜெபங்கள கிரான்மர் காலை ஒண்ணு மாலை ஒண்ணுன்னு ரெண்டா சுருக்கினாரு, வேலைக்கு போற சாதாரண ஜனங்க வந்து ஜெபிக்கணும்னா அதுதான் வழி. கூடவே 150 சங்கீதமும் 30 நாள்ல ஒரு சுத்து வர்ற மாதிரி பிரிச்சாரு, பழைய ஏற்பாடு வருஷத்துக்கு ஒரு தடவ, புதிய ஏற்பாடு மூணு தடவ வாசிக்கிற மாதிரி அட்டவணை போட்டாரு. அந்த அட்டவணைப்படி ஒரு மாசம் சங்கீதம் வாசிச்சுப் பாருங்க, புத்தகத்தோட நோக்கம் தானா புரியும். 1662ல நிருபமும் சுவிசேஷமும் 1611ல வந்த கிங் ஜேம்ஸ் வேதாகம மொழிபெயர்ப்புக்கு மாறினப்போ கூட சங்கீதத்த மட்டும் மைல்ஸ் கவர்டேலோட பழைய மொழிபெயர்ப்புலயே விட்டுட்டாங்க, ஜனங்க வாயில அவ்வளவு பழகியிருந்துச்சு.

கலெக்ட்னு சொல்ற சின்ன வார ஜெபங்களுக்கு தனியா ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. ஒவ்வொண்ணா எடுத்து இது பழைய லத்தீன் ஜெபத்தோட மொழிபெயர்ப்பா, இல்ல 1549ல புதுசா எழுதினதான்னு பாக்கணும். பெரும்பாலும் ஒரே கட்டமைப்புதான், தேவனை கூப்பிடுறது, அவர் எப்படிப்பட்டவர்னு சொல்றது, ஒரு விண்ணப்பம், அது எதுக்காகன்னு ஒரு வரி, கிறிஸ்துவின் மூலமாய்னு முடிவு. ஞாயிறு ஜெபங்கள் நிறைய மொழிபெயர்ப்பு. பரிசுத்தவான்களோட நாளுக்கு உள்ளது பெரும்பாலும் புதுசு, ஏன்னா பழசுல அவங்களோட பரிந்துபேசுதல கேக்குற வரிகள் இருந்துச்சு, அத சீர்திருத்த சபை வச்சுக்க முடியாது. அட்வெந்து, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆயத்த காலம், அதோட ரெண்டாம் ஞாயிறு ஜெபம் புதுசு, வேதத்த கேட்டு, வாசிச்சு, குறிச்சுக்கிட்டு, கத்துக்கிட்டு, உள்ளுக்குள்ள செரிச்சுக்கணும்னு வர்றது, அதுல ஒரு சீர்திருத்தக்காரரோட குரல் நேராவே கேக்கும். திருவிருந்து ஆரம்பத்துல, எல்லா இருதயமும் திறந்திருக்கிற தேவனேன்னு வர்ற ஜெபம் அதுக்கு நேர் மாறு, சாரம் முறைல குருவானவர் பூசைக்கு தயாராகும்போது தனியா சொல்லிக்கிட்டது, 1549ல அது சபை காதுல விழற மாதிரி வெளிய வந்துச்சு. எனக்கு மொத்த புத்தகத்துலயே ரொம்ப பிடிச்ச மாற்றம் இதுதான்.

ஒண்ண மறக்காதீங்க, இந்த புத்தகத்த எல்லாரும் சந்தோஷமா வாங்கிக்கல. 1549 ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறுல புதுசு அமலுக்கு வந்துச்சு, மறுநாளே டெவன்ல சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி ஊர் ஜனங்க குருவானவர பழைய பூசையையே நடத்த வச்சாங்க. கலகம் பெருசாகி எக்ஸிடர் நகரத்தையே முற்றுகை போட்டாங்க. கார்ன்வால்காரங்க எங்கள்ல சிலருக்கு ஆங்கிலமே தெரியாதுன்னு எழுதியே குடுத்தாங்க. ஜனங்களுக்கு புரியுற பாஷைல ஆராதனைன்னு சொல்லி கொண்டு வந்தது, வேற பாஷை பேசுறவங்களுக்கு ஆட்சியாளர் திணிச்சதா போய் நின்னுச்சு, கலகத்த அடக்கினதுல ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. 1637ல ஸ்காட்லாந்துக்கு ஒரு ஜெபப் புத்தகம் அனுப்பினப்போ எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் கோயில்ல ஆராதனை நடுவுலயே கலவரம். 1645ல நாடாளுமன்றம் ஜெபப் புத்தகத்தையே தடை பண்ணுச்சு. இரண்டாம் சார்லஸ் ராஜாவா திரும்பி வந்த பிறகு 1662ல சட்டம் எதிர்ப்பக்கம் திரும்பி, புத்தகத்த ஏத்துக்காத ஊழியக்காரங்க கிட்டத்தட்ட 2000 பேர் இந்த மோதல்ல வெளிய போனாங்க. இத படிச்சுட்டு திரும்ப அந்த அப்பம் குடுக்குற வரிக்கு போங்க.

கிளைகள தேடுறவங்களுக்கு ரெண்டு பாதை சொல்றேன். ஒண்ணு, அப்பத்தின் மேலயும் ரசத்தின் மேலயும் பரிசுத்த ஆவி இறங்க வேண்டுற வரி. 1549ல உண்டு, 1552ல போச்சு, 1662லயும் வரல. ஆனா 1637 ஸ்காட்டிஷ் புத்தகத்துல திரும்ப தலைகாட்டுது, 1764ல ஸ்காட்டிஷ் எபிஸ்கோபல் சபையோட திருவிருந்து முறைல இருக்கு. 1784ல அமெரிக்கரான சாமுவேல் சீபரி அபர்டீன்ல பிஷப்பா அபிஷேகம் வாங்கிட்டு போனாரு, அந்த தொடர்புல அது 1789 அமெரிக்க புத்தகத்துக்குள்ள போய் சேந்துச்சு. இங்கிலாந்துல 1927லயும் 1928லயும் திருத்தின புத்தகத்த நாடாளுமன்றம் ரெண்டு தடவயும் தள்ளிருச்சு, அங்க சட்டப்படி இன்னைக்கும் 1662தான் அடிப்படை, 2000ல வந்த காமன் வொர்ஷிப் அதுக்கு பக்கத்துல மாற்று முறையா நடக்குது.

ரெண்டாவது பாதை நம்ம சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை, காரங்களுக்கு பக்கத்துலயே இருக்கு. 1947 செப்டம்பர் 27ல சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல சபை உருவாச்சு, 1950ல புது திருவிருந்து முறை வந்துச்சு. அத கைல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்துல ஊர் பேரு எழுதுங்க. இருதயம் திறந்த தேவனேங்குற ஜெபத்துக்கு சாரம் வழியா கிரான்மர்னு போடுங்க. உமது மரணத்த நினைவுகூருறோம், உயிர்த்தெழுதல அறிக்கையிடுறோம், வருகைக்கு காத்திருக்கோம்னு சபையார் சொல்றதுக்கு சிரியா மரபுன்னு போடுங்க, கைக்கு கை சமாதானம் குடுக்குறதும் கேரளத்து சிரியன் சபைகள்ல இருந்து வந்ததுதான். நல்ல பிரதான ஆசாரியரே எங்கள் நடுவில் இரும்னு வர்ற ஜெபம் ஸ்பெயின் நாட்டு பழைய மொசரபிக் முறைல இருந்து. ஒரு ஞாயிறு காலைல ஒரு மணி நேரத்துக்குள்ள இத்தனை ஊர் வருது. எழுத இடம் பத்தலன்னா தனி நோட்டு போட்டு இடது பக்கம் நம்ம முறை, வலது பக்கம் 1662, நடுவுல எங்கிருந்துன்னு மூணு பத்தியா பிரிச்சுக்கோங்க, தெரியாத இடத்த காலியா விட்டுட்டு அடுத்த வரிக்கு போங்க, சாரம் புத்தகத்த வாசிக்கும்போது அதுல பாதி தானா நிரம்பும்.