ஆணுறை இடைஞ்சலாக இருந்தது, இப்போது இல்லை

கல்யாணமான புதிதில் ஆணுறை என்றாலே எனக்கு இறுக்கம், என் மனைவிக்கு எரிச்சல். ஒருநாள் அவளே, "காய்ந்துபோய் உரசுதுங்க, வலிக்குது" என்றாள். அவள் வாயைத் திறந்து சொன்னதால்தான் வழி பிறந்தது.

முதலில் அளவு. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் மில்லிமீட்டர் கணக்கில் அகலம் போட்டிருக்கும். நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. 49-லிருந்து 53-க்கு மாறினேன். அடி வளையம் அழுத்திய தடம் விழுவது நின்றது, உணர்ச்சியும் திரும்பியது. ரொம்பப் பெரிதாக வாங்கினாலும் நழுவிவிடும், கவனம்.

அடுத்தது வழவழப்பு. அவசரத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். பெரிய தப்பு! எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி எல்லாம் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரை வலுவிழக்கச் செய்து கிழிய வைக்கும். தண்ணீரையோ சிலிகானையோ அடிப்படையாகக் கொண்ட லூப்ரிகன்ட்தான் (வழவழப்புக் களிம்பு) சரி. நுனிக்குள் ஒரே ஒரு சொட்டு விட்டு, காற்று தங்காமல் நுனியைக் கிள்ளிப் பிடித்தபடி உருட்டிப் போடுகிறேன். மீதியைத் தாராளமாக வெளியே தடவுவோம். உள்ளே அதிகம் விட்டால் கழன்றுவிடும்.

இப்போதெல்லாம் அவளே போட்டுவிடுகிறாள். கொஞ்சலோடு கொஞ்சலாக அதுவும் நடந்துவிடுவதால், நடுவில் எழுந்து தேடும் தடங்கல் இல்லை. எரிச்சல் மட்டும் லேசாக மிச்சமிருந்தது. லேடெக்ஸ் இல்லாத பாலியூரித்தேன் (ஒருவகை பிளாஸ்டிக்) ஆணுறைக்கு மாறியதும் அதுவும் போய்விட்டது.